வினையைத் தேடும்போது எவ்வளவு வரைய வேண்டும்?

சதகுப்பை விதையைக் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். அந்த வாசனையில் பெரும்பங்கு கார்வோன் என்ற சேர்மத்துடையது. சூயிங்கத்திலும் பற்பசையிலும் வரும் ஸ்பியர்மின்ட் வாசனைக்கும் கார்வோன்தான் காரணம். இரண்டிலும் அதே அணுக்கள், அதே பிணைப்புகள். இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம், அவ்வளவுதான் வித்தியாசம். மூக்குக்கு அந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

கரிம வேதியியல் வினைகளைத் தரவுத்தளத்தில் எப்படித் தேடுவது என்று விளக்க இந்தக் கார்வோனையே எடுத்துக்கொள்கிறேன். சின்ன மூலக்கூறு, பத்து கார்பன்தான். ஆனால் வினை நடக்கக்கூடிய இடம் அதில் மூன்று இருக்கிறது. ஆறு கார்பன் வளையத்தில் ஒரு கீட்டோன், அதாவது ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த கார்பன். அதை ஒட்டியே வளையத்துக்குள் ஓர் இரட்டைப் பிணைப்பு. வளையத்தின் மறுபக்கம் வால் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இன்னோர் இரட்டைப் பிணைப்பு.

நம் வேலை இது: கீட்டோனை மட்டும் ஆல்கஹாலாக ஒடுக்க (ஹைட்ரஜன் சேர்த்து மாற்ற) வேண்டும், இரட்டைப் பிணைப்புகள் இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். கிடைக்கும் பொருளின் பெயர் கார்வியோல். கீட்டோனை ஒடுக்கச் சோடியம் போரோஹைட்ரைடு என்று பாடப்புத்தகம் சொல்லும். சரிதான், ஆனால் கீட்டோனை ஒட்டி இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது தரும் ஹைட்ரஜன், அதாவது ஹைட்ரைடு, நேராகக் கீட்டோனிலும் போய்ச் சேரலாம், இரட்டைப் பிணைப்பின் அடுத்த முனையிலும் போய்ச் சேரலாம். இரண்டாவது வழியில் போனால் இரட்டைப் பிணைப்பும் சேர்ந்து காலியாகிவிடும். இதை யாராவது ஏற்கெனவே சமாளித்திருக்கிறார்களா? எப்படி? இந்தக் கேள்வியோடுதான் கணினி முன் உட்காருகிறோம்.

பெயரை நம்ப முடியாது

பழக்கதோஷத்தில் முதலில் எல்லோரும் செய்வது, பெயரைத் தட்டித் தேடுவது. கார்வோனுக்குப் பெயர்கள் எத்தனை என்று பாருங்கள். கார்வோன் என்பது வழக்கப் பெயர். 2-மெத்தில்-5-(புரோப்-1-ஈன்-2-யில்)சைக்ளோஹெக்ஸ்-2-ஈன்-1-ஓன் என்பது முறைப்பெயர். டெர்பீன் என்ற தாவர வாசனைச் சேர்மங்களை ஆராய்பவர்கள் மென்தாடையீனோன் என்ற குடும்பப் பெயரில் எழுதுவார்கள். ஒரு கட்டுரையில் வெறுமனே ‘சேர்மம் 7’ என்று மட்டும்கூட இருக்கும்.

பெயர்த் தொல்லை வேண்டாமென்றுதான் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் சிஏஎஸ் அமைப்பு 1965 முதல் ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒரு பதிவெண் கொடுத்துவருகிறது. லேபில் வேதிப்பொருள் புட்டியின் லேபிளில் பார்த்திருப்பீர்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் கார்வோனுக்கே மூன்று எண்கள் உண்டு. ஸ்பியர்மின்ட் வகைக்கு 6485-40-1, சதகுப்பை வகைக்கு 2244-16-8, எந்த வகை என்று குறிக்காததற்கு 99-49-0. ஓர் எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் மற்ற இரண்டின் கீழ் கிடப்பவை தவறிப்போகலாம்.

எண்ணைப் பற்றிப் பேசும்போது ஒரு சின்ன வேடிக்கை. அந்தக் கடைசி இலக்கம், எண்ணைத் தப்பாக அடித்துவிட்டோமா என்று சரிபார்க்க வைத்தது. 99-49-0 எண்ணில் கடைசிச் சுழியை விட்டுவிட்டு வலமிருந்து இடமாகப் போங்கள். 9-ஐ 1-ஆல் பெருக்கு, 4-ஐ 2-ஆல், 9-ஐ 3-ஆல், 9-ஐ 4-ஆல். கூட்டினால் 9, 8, 27, 36, மொத்தம் 80. கடைசி இலக்கம் 0, எண்ணின் முடிவிலும் 0. கைக்குறிப்பிலிருந்து எண்ணைப் படிக்கும்போது 1-ஆ 7-ஆ என்ற சந்தேகம் வந்தால் இந்தக் கணக்கு உதவும்.

எத்தனை பெயர் வைத்தாலும் மாறாதது மூலக்கூறின் படம் ஒன்றுதான். அதனால்தான் வினைத் தரவுத்தளங்களில் தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வரைபலகை இருக்கிறது. அங்கே வரைந்தால் கணினி அதை எந்த அணு எதோடு எந்தப் பிணைப்பில் சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலாக மாற்றிக்கொண்டு, கோடிக்கணக்கான பட்டியல்களோடு ஒப்பிடும். வளையத்தை நீங்கள் சாய்த்து வரைந்தாலும் தலைகீழாக வரைந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

படத்தை வைத்துத் தேடும் யோசனை கணினிக்கும் முந்தியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை பார்த்த பைல்ஷ்டைன் என்ற வேதியியலாளர், அன்று தெரிந்திருந்த கரிமச் சேர்மங்களையெல்லாம் தொகுத்து ஜெர்மன் மொழியில் ஒரு கையேடு போட்டார். 1881 முதல் 1883 வரை வந்த முதல் பதிப்பில் சுமார் 15,000 சேர்மங்கள், இரண்டு தொகுதிகள். பின்னால் அந்தக் கையேடு அலமாரி அலமாரியாக வளர்ந்தது. அதில் ஒரு சேர்மம் எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்வது அதன் அமைப்புதான், அகரவரிசை இல்லை. அதன் கணினி வாரிசுதான் 2009-ல் வந்த ரியாக்சிஸ். கனிமச் சேர்மங்களுக்கான க்மெலின் கையேட்டின் தரவும் காப்புரிமைகளின் தரவும் அதோடு சேர்ந்தன. இன்னொரு பெரிய வம்சம், 1907-ல் தொடங்கிய கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் இதழிலிருந்து வந்த சைஃபைண்டர். இவை இரண்டும் கல்லூரியோ நிறுவனமோ சந்தா கட்டினால்தான் திறக்கும். காசில்லாமல் கிடைப்பவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். தேடும் புத்தி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முழுவதும் வரைந்தால் என்ன ஆகும்

இடப்பக்கம் கார்வோன், நடுவில் அம்புக்குறி, வலப்பக்கம் கார்வியோல். அப்படியே வரைந்து தேடினால் கார்வோன் கார்வியோலாக மாறிய வினைகள் வரும். கார்வோன் பிரபலமானது, அதனால் நிறைய வரும். உங்களுடைய மூலக்கூறு பிரபலமானதாக இருக்காது. நான் முதன்முதலில் ஒரு வினையைத் தேடியபோது முப்பது கார்பன் மூலக்கூறு ஒன்றைக் கால் மணி நேரம் உட்கார்ந்து அழகாக வரைந்தேன். விடை: பூஜ்ஜியம். பின்னே? அதை உலகத்தில் முதல்முறையாகச் செய்யப்போவதே நாங்கள்தான். இல்லாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கும்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தரவுத்தளம் நீங்கள் மனதில் நினைத்த கேள்விக்குப் பதில் சொல்லாது, வரைந்த கேள்விக்குத்தான் சொல்லும். மூலக்கூறு முழுவதையும் வரைந்தால் ‘இதையே யாராவது செய்தார்களா’ என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்க நினைத்தது ‘இது மாதிரி ஒன்றை யாராவது செய்தார்களா’ என்பது. ‘இது மாதிரி’ என்றால் எது மாதிரி? எந்த அணு மாறக் கூடாது, எது மாறினால் பரவாயில்லை? அதைக் கணினி முடிவு செய்யாது. நீங்கள்தான் செய்ய வேண்டும், அதுவும் பேனாவை எடுப்பதற்கு முன்னால்.

கார்வோனில் தொல்லை எங்கே? கீட்டோனும் அதை ஒட்டிய இரட்டைப் பிணைப்பும். வேதியியல்காரர்கள் இந்த ஜோடியை ஈனோன் என்பார்கள். மெத்தில் தொகுதி இருக்கிறதா, வால் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். ஆகவே இடப்பக்கம் வெறும் ஈனோன் வளையத்தை மட்டும் வரைந்து, வலப்பக்கம் அதே வளையத்தில் கீட்டோன் இருந்த இடத்தில் ஆல்கஹாலைப் போட்டு, தேடும் வகையில் சப்ஸ்ட்ரக்சர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘இந்தத் துண்டு உள்ளே இருந்தால் போதும், சுற்றி என்ன வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டிருக்கட்டும்’ என்று அதற்கு அர்த்தம்.

இப்போது எதிர்ப்பக்கத் தொல்லை. ஆயிரக்கணக்கில் கொட்டும். பாதி நமக்குச் சம்பந்தமே இல்லாதது. ஸ்டீராய்டுகள் ஏன் இவ்வளவு வருகின்றன என்று குழம்புவீர்கள். டெஸ்டோஸ்டிரோனின் முதல் வளையமே ஒரு ஈனோன் வளையம்தான், அதனால் அதுவும் அதன் சொந்தக்காரர்களும் நம் வலையில் விழுகிறார்கள். அவர்கள் வேண்டாமென்றால், வரைந்த வளையத்தோடு வேறு வளையம் ஒட்டக் கூடாது என்று பூட்டிவிடலாம். வரைபலகையில் பூட்டுப் படம் போட்ட ஒரு கருவியோ, கூடுதல் வளையம் வேண்டாம் என்று டிக் செய்யும் பெட்டியோ இருக்கும். ஆனால் உடனே பூட்டாதீர்கள். ஸ்டீராய்டு செய்தவர்கள் கஷ்டமான ஈனோன்களோடு மல்லுக்கட்டியவர்கள், அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

ஏறியவரும் இறங்கியவரும்

பொருந்தாத விடைகள் வருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. இடப்பக்கம் ஈனோன், வலப்பக்கம் ஆல்கஹால் என்று வரைந்தோம். இடப்பக்கத்து ஈனோன்தான் வலப்பக்கத்து ஆல்கஹாலாக மாற வேண்டும் என்று எங்கே சொன்னோம்? சொல்லவே இல்லை. ஒரு பெரிய மூலக்கூறின் தலையில் ஈனோன் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. காலில் இருந்த வேறொரு வளையத்தில் நம் படத்தில் உள்ளது போன்ற ஓர் ஆல்கஹால் முளைக்கிறது. நம் கேள்விக்கு அதுவும் பொருத்தமான விடைதான். மதுரையில் ஒருவர் ரயில் ஏறினார், சென்னையில் ஒருவர் இறங்கினார் என்பதை வைத்து இருவரும் ஒரே ஆள் என்று சொல்ல முடியுமா?

ஒரே ஆள் என்று சொல்வதற்குத்தான் அணுக்களுக்கு எண் போடும் வசதி. ஆங்கிலத்தில் சொல்வதையே நம் லேபுகளிலும் ‘ஆட்டம் மேப்பிங்’ என்கிறார்கள். இடப்பக்கம் கீட்டோன் கார்பனைத் தொட்டு, வலப்பக்கம் ஆல்கஹால் கார்பனைத் தொட்டால் இரண்டுக்கும் 1 என்று எண் விழும். ஆக்சிஜனுக்கு 2. இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களுக்கு 3, 4. இப்போது கேள்வி மாறிவிட்டது: இந்தக் கார்பன்தான் அந்தக் கார்பனாக வேண்டும். கூடவே, கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு இந்த வினையில் மாறுகிறது என்றும் குறிக்கலாம். இதைச் செய்தவுடன் விடைப் பட்டியல் சட்டென்று சுருங்குவதைப் பார்ப்பது ஒரு தனிச் சுகம்.

ஓர் எச்சரிக்கை. தரவுத்தளத்தில் உள்ள வினைகளுக்கு இந்த எண்களை அநேகமாக நிரல்தான் போட்டிருக்கும், அது சில சமயம் தப்பாகவும் போட்டிருக்கும். எண் போட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்றால், எண்களை எடுத்துவிட்டு இன்னொரு முறை தேடிப் பாருங்கள்.

வலப்பக்கத்தைக் காலியாக விட்டுத் தேடுவதும் நல்ல பயிற்சி. கார்வோனை மட்டும் இடப்பக்கம் போடுங்கள். அதை வைத்து இதுவரை என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கீட்டோனை ஒட்டிய இரட்டைப் பிணைப்பைப் பிடித்து எபாக்சைடாக்குகிறது, அதாவது அங்கே ஓர் ஆக்சிஜனைச் சேர்த்துக் குட்டி வளையமாக்குகிறது. பெராக்சி அமிலமோ அதை விட்டுவிட்டு வாலில் உள்ள பிணைப்புக்குப் போகிறது. ஹைட்ரஜன் வாயுவோடு வில்கின்சன் வினையூக்கியைச் சேர்த்தால் வால் மட்டும் ஒடுங்குகிறது, வளையத்தில் உள்ளது பிழைத்துக்கொள்கிறது. ஒரே புட்டி, எதை ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு இடத்தில் வினை. பரீட்சைக்கு உருப்போட்டபோது ஏறாத பாடம் இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஏறும்.

முதல் விடையை ஏன் எடுக்கக் கூடாது

சரி, நம் வினைக்கு வருவோம். வடிகட்டிய பட்டியலில் ஒரு ஜோடி திரும்பத் திரும்ப வரும்: சோடியம் போரோஹைட்ரைடோடு சீரியம் குளோரைடு, கரைப்பான் மெத்தனால். இதுதான் லூஷ் ஒடுக்கம். பிரெஞ்சு வேதியியலாளர் லூஷ் 1978-ல் வெளியிட்டது. அவர் எடுத்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று சைக்ளோபென்டினோன் என்ற ஐந்து கார்பன் வளைய ஈனோன். போரோஹைட்ரைடு மட்டும் போட்டால் இரட்டைப் பிணைப்பும் சேர்ந்து போய்விடுகிறது. சீரியம் குளோரைடைச் சேர்த்தால் நூற்றுக்கு 97 பங்கு நமக்கு வேண்டிய, இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கஹால். ஒரு உப்பைச் சேர்த்ததில் கதையே தலைகீழ். கார்வோனிலும் இது அருமையாக வேலை செய்யும்.

பெயர் தெரியாமல் படத்தை மட்டும் வைத்துத் தேடி இந்தப் பெயரை வந்தடைந்தோம் என்பதைக் கவனியுங்கள். இனி பெயரை வைத்தும் தேடலாம். பெயர்த் தேடலுக்கு உரிய நேரம் இதுதான்.

பட்டியலை விளைச்சல் (வர வேண்டியதில் எத்தனை சதவீதம் பொருள் கிடைத்தது என்பது) வாரியாக அடுக்க ஒரு பொத்தான் இருக்கும். 99 சதவீதம் மேலே வந்து நிற்கும், கை தானாக அங்கே போகும். கொஞ்சம் பொறுங்கள். அந்த 99 எத்தனை மில்லிகிராமில் வந்தது? பொருளைப் பிரித்தெடுத்து எடை போட்டதா, கருவியில் பார்த்துக் கணக்கிட்டதா? பத்து மில்லிகிராமில் கருவி காட்டிய 99-ஐவிட, பத்து கிராமில் பிரித்தெடுத்த 82 எனக்கு மேல். அடுத்து, ஒரே அம்புக்குறியின் கீழ் மூன்று படிகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கலாம். ‘படி 1, படி 2’ என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே குடுவையில் கொட்டிய ஒரு மாணவரை எனக்குத் தெரியும். (நான்தான் அது.)

தரவுத்தளத்தின் வரி என்பது சமையல் குறிப்பின் பொருள் பட்டியல் மாதிரி. புளி, மிளகாய், பெருங்காயம் என்று இருக்கும். எப்போது போடுவது, எவ்வளவு கொதிக்க விடுவது என்பது இருக்காது. ‘போரோஹைட்ரைடு, சீரியம் குளோரைடு, மெத்தனால்’ என்பதில், போரோஹைட்ரைடை ஏன் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும் என்பது இல்லை. மெத்தனாலில் அது விழுந்தவுடன் ஹைட்ரஜன் நுரைத்துக்கொண்டு வரும், மொத்தமாகக் கொட்டினால் குடுவை பொங்கி வழியும். ஆகவே வரியிலிருந்து மூலக் கட்டுரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கட்டுரையிலும் செய்முறை முன்பக்கத்தில் இருக்காது, துணைக் கோப்பு என்று தனியாக ஒரு நீண்ட கோப்பு இருக்கும். அதைத் திறந்து உங்கள் சேர்மத்தின் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

ஒன்றும் வரவில்லை என்றால்? அது நடக்காத வினை என்று முடிவு கட்டாதீர்கள். தோற்றுப்போன வினைகளை அநேகமாக யாரும் வெளியிடுவதில்லை. பூஜ்ஜியம் என்றால் யாரும் முயலவில்லை என்றும் இருக்கலாம், பத்துப் பேர் முயன்று கைவிட்டார்கள் என்றும் இருக்கலாம். படத்திலிருந்து விளிம்பில் உள்ள ஒரு தொகுதியை அழித்துவிட்டு மறுபடி தேடுங்கள். வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொன்றாக. வினை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளதைக் கடைசியில்தான் தொட வேண்டும். எந்தத் தொகுதியை அழித்தவுடன் விடைகள் வரத் தொடங்குகின்றனவோ, அதில்தான் பெரும்பாலும் உங்கள் சிக்கல் இருக்கிறது.

சந்தா இல்லாதவர்களுக்கு

கல்லூரியில் ரியாக்சிஸ் இல்லையே என்பவர்கள் ஆர்கானிக் சிந்தசிஸ் தளத்திலிருந்து தொடங்கலாம். 1921 முதல் வரும் தொகுப்பு, முழுவதும் இலவசம், படம் வரைந்தும் தேடலாம். மற்ற இதழ்களில் அநேகமாக இல்லாத ஒரு வழக்கம் இதில் உண்டு. ஒருவர் அனுப்பும் செய்முறையை ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் லேபில் வேறு ஆட்கள் செய்து பார்ப்பார்கள். சரியாக வந்தால்தான் வெளியீடு. செய்து பார்த்தவர்களின் பெயரும் சேர்ந்தே அச்சாகும். மேலே சொன்ன கார்வோனின் வாலை மட்டும் ஒடுக்கும் வினை, 1973-ஆம் ஆண்டுத் தொகுதியில் இப்படிச் சோதித்து வெளியானதுதான்.

எண்ணிக்கையில் இது சின்னத் தளம். உங்கள் வினை அதில் இல்லாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். இருந்தால், செய்முறையைவிட அதன் கீழே உள்ள குறிப்புகளை முதலில் படியுங்கள். எந்த நிறம் வர வேண்டும், எந்த இடத்தில் அவசரப்பட்டால் கெடும் என்று பக்கத்தில் நின்று சீனியர் சொல்வது போல இருக்கும். பழைய தொகுதிகளில் பென்சீனைத் தண்ணீர் போல ஊற்றச் சொல்லும் செய்முறைகள் உண்டு. அதை அப்படியே செய்யாதீர்கள், டொலுயீன் போல ஆபத்துக் குறைந்த கரைப்பானில் நடக்குமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.

பெயருள்ள வினைகளுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி போர்ட்டல் வசதியானது. வினையின் பெயரைச் சொடுக்கினால் எப்படி நடக்கிறது என்ற விளக்கமும் அண்மைக் கட்டுரைகளும் வரும். பப்கெம் இலவசம், பெரியது, ஆனால் அது சேர்மங்களுக்கானது. பெயர், எண், பாதுகாப்புத் தகவல் பார்க்க வைத்துக்கொள்ளலாம், செய்முறை தேடி அங்கே போனால் ஏமாற்றம்தான். காப்புரிமை ஆவணங்களையும் இலவசமாகப் படிக்கலாம். செய்முறை விரிவாக இருக்கும், ஆனால் செய்து பார்த்து யாரும் சரிபார்த்ததில்லை.

இன்னொன்று. கார்வோனை வரையும்போது கண்ணாடிப் பிம்பத்தைக் காட்ட ஆப்புக் கோடு போடுவோம் அல்லவா, கெட்டியாகவும் கோடு கோடாகவும்? தேடும்போது முதலில் அதைப் போடாதீர்கள். போட்டால், கட்டுரையில் அதைக் குறிக்காமல் விட்டவர்களின் வினைகள் எல்லாம் விலகிப்போகக்கூடும். சாதாரணக் கோட்டில் தேடி, விடைகளைப் பார்த்து, அப்புறம் வேண்டுமானால் இறுக்கிக்கொள்ளலாம்.

லேப் நோட்டில் விடையை மட்டும் எழுதி வைப்பவர்கள் அதிகம். தேடிய படத்தையும் அதில் ஒட்டுங்கள், எந்த அணுக்களுக்கு எண் போட்டீர்கள், எதைப் பூட்டினீர்கள், என்ன தேதி என்பதோடு. ஆறு மாதம் கழித்து அதே படத்தை மறுபடி போட்டால் புதிய விடைகள் வந்திருக்கும், பழையதைத் திரும்ப மேய வேண்டியதில்லை.